மாடல் ஏ: ஆயில் பம்ப் புதுசு, கேஜ் முள் மட்டும் எழும்பவே மாட்டேங்குது

#1 செட்டிநாட்டு_கராஜ்

எல்லோருக்கும் வணக்கம். எங்க ஐயா காலத்து 1930 ஃபோர்டு மாடல் ஏ, கொட்டகையில கோழி அடைஞ்சு கிடந்ததைப் போன வருஷம்தான் வெளிய எடுத்தோம். இன்ஜின் முழுசா இறக்கி, கிரான்க் தண்டைத் தாங்குற மெயின் பேரிங், பிஸ்டனைத் தண்டோட இணைக்கிற ராடு எல்லாத்துக்கும் புதுசா வைட் மெட்டல் (பேரிங் உள்பக்கம் உருக்கி ஊத்துற மென்மையான உலோகக் கலவை) ஊத்தி ஏத்தியாச்சு. 400 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, இப்ப மேட்டுல ஏறும்போது அடியில ‘தொம் தொம்’னு ஒரு சத்தம்.

இந்த வண்டிக்கு ஆயில் கேஜ் கிடையாதுன்னு தெரியும். சந்தேகத்துல, பிளாக் பக்கவாட்டு பிளக்கைக் கழற்றி ஒரு கேஜ் மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணின உடனே சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தம் காட்டும். சூடானதும் பூஜ்யம். பட்டறையில ‘பம்ப் போச்சு’ன்னாங்க. பம்ப் பல்சக்கரம் புதுசா வெட்டிப் போட்டாங்க. அதே 3, அதே பூஜ்யம். இன்னொரு தடவை வெட்டினாங்க. மாற்றமில்லை. இப்ப பம்ப் பாடியையே அலுமினியத்துல வார்த்துடலாம்னு சொல்றாங்க. என் மருமகன் வண்டியில முள் 40-ல நிக்குது. இதுல 10 வந்தாக்கூடப் போதும். வழி சொல்லுங்க.

#2 குட்டிபிஸ்டன்

அண்ணே, சிம்பிள். இப்ப வர்ற ஏதாவது ஒரு காரோட பம்பை அடாப்டர் பிளேட் போட்டு ஏத்திடுங்க. 40 என்ன, 60 வரும்.

#3 லேத்_மேஸ்திரி

தம்பி குட்டிபிஸ்டன், 60 பவுண்டுல எண்ணெயை அனுப்பினா அது எங்க போகும்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

செட்டிநாட்டு அண்ணா, உங்க வீட்டு மாடியில தண்ணித் தொட்டி இருக்குதுங்களா? கீழ மோட்டார் போட்டா தண்ணி மேல ஏறும், தொட்டி நிறையும், அங்கிருந்து குழாய்க்குத் தானா இறங்கும். மாடல் ஏ இன்ஜினும் அதேதானுங்க. இன்ஜின் அடியில இருக்கிற எண்ணெய்த் தட்டுக்குள்ள, அதாவது சம்ப்புக்குள்ள, முங்கியிருக்கிற பம்ப் எண்ணெயை மேல வால்வுகள் இருக்கிற அறைக்கு, அதாவது வால்வு சேம்பருக்கு, ஏத்தும். அங்க தேங்குற எண்ணெய் துவாரம் வழியா மூணு மெயின் பேரிங்குக்கும் தன் எடையிலேயே இறங்கும். மிச்சம் வழிஞ்சு வெளிக்குழாய் வழியாக் கீழ வந்துரும். கனெக்டிங் ராடுக்கு அதுவும் கிடையாது. சம்ப்புத் தட்டுல இருக்கிற பள்ளத்துல ராடோட அடி மூடியில (கேப்) கரண்டி மாதிரி நீட்டியிருக்கிற டிப்பர் முங்கி முங்கி எண்ணெயை அள்ளிக்கும்.

நீங்க கேஜ் மாட்டினது மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்கிற குழாயிலங்க. தொட்டி வாய் திறந்து கிடக்குது. அழுத்தம் எங்கிருந்து வரும்? ஒரு அடி உயரத்துக்கு எண்ணெயை ஏத்த அரை பவுண்டுகூட வேண்டாம். குளிர்ல 3 காட்டினது எண்ணெய் கெட்டியா இருந்து வழியில உரசினதுக்கு. சூட்டுல இளகினதும் முள் படுத்துக்கிச்சு. உங்க பழைய பம்ப் நல்லாத்தான் இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

முதல்ல இதைப் பண்ணுங்க. கேஜைக் கழற்றிட்டு இக்னிஷனை ஆஃப் பண்ணி, முன்னாடி கைப்பிடி போட்டுச் சுத்துங்க. அந்த ஓட்டையில எண்ணெய் வழிஞ்சா பம்ப் மேல குத்தமில்லை.

#4 எண்ணெய்க்கிண்ணம்

மேஸ்திரியின் தண்ணீர்த் தொட்டியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தும் இந்த உவமை எனக்குத் தோன்றவில்லை.

‘அழுத்தம் இல்லாவிட்டால் தண்டு பேரிங்கில் உரசிவிடுமே’ என்ற பயத்துக்கு 140 வருஷத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. 1883-ல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற இன்ஜினியர் ரயில் அச்சு பேரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் முங்கிச் சுழலும். பேரிங் மேலே உட்கார்ந்திருக்கும், பளு முழுவதும் அதன்மேல். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். உள்ளே போகவேண்டிய எண்ணெய் துளை வழியாக வெளியே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை எழும்பி வந்துவிட்டது. மரத்தில் முளை அடித்தார், அதையும் தள்ளியது. கடைசியில் கேஜ் மாட்டினால், 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்தக் கேஜையும் முள் தாண்டிப் போனது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிப் பளுவோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

அங்கே பம்ப் எதுவும் கிடையாது. சுழலும் தண்டே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் ஆப்பு மாதிரி இடுக்கில் செருகி, தன்னைத் தானே தூக்கிக்கொள்கிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். தண்டைத் தூக்குவது பம்பின் வேலை இல்லை. இடுக்கு வாயில் எண்ணெய் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் டவர் சோதனையில் இருந்தே தெரிந்தது: பளு விழும் பக்கத்தில் எண்ணெய்த் துளை போடக்கூடாது, போட்டால் எண்ணெய் வெளியே ஓடிவிடும். மாடல் ஏ-யில் மெயின் பேரிங்குக்கு எண்ணெய் மேல்பாதியில் இறங்குவதும், பிஸ்டனின் அடி பெரும்பாலும் கீழ்க் கேப்பில் விழுவதும் கவனிக்க வேண்டியவை.

#5 மலைப்பாதை

பம்புக்கே இவ்வளவு பேச்சா! எங்கிட்ட இருக்கிறது மாடல் டி. 1908-ல இருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி போட்டாங்க, ஒண்ணுலகூட ஆயில் பம்ப் கிடையாது. ஃப்ளைவீல்ல 16 காந்தம் இருக்கு, கரண்ட்டுக்காக வச்சது. அதுவே எண்ணெயை வாரி மேல அடிக்கும். மேல ஒரு புனல். அதுல விழுந்தது குழாய் வழியா முன்பக்கம் டைமிங் கியருக்குப் போய், கிரான்க்கேஸ் பள்ளங்களை நிரப்பிக்கிட்டே பின்னால திரும்பும். எண்ணெய் இருக்கான்னு பார்க்கப் பின்னாடி ரெண்டு திருகுக் குழாய். மேல் குழாய்ல வந்தா நிறைய இருக்கு, கீழ்க் குழாய்லயும் வரலைன்னா வண்டிக்கு அடியில இருந்து எழுந்து போய் எண்ணெய் வாங்கிட்டு வாங்க.

இதுக்கும் வியாதி உண்டு. கியர் பட்டையெல்லாம் பருத்தித் துணி, அதே எண்ணெயில ஓடுது. தேஞ்சு உதிர்ற பஞ்சு அந்தப் புனல்ல போய் அடைச்சுக்கும். குன்னூர் ஏத்தத்துல இன்னொரு கஷ்டம்: மூக்கு மேல தூக்கினா எண்ணெய் பின்னாடி ஓடிடும், முன்னாடி முதல் ராடு காயும். அதுக்குத்தான் நிறையப் பேர் வெளிப்பக்கமா ஒரு கூடுதல் குழாய் போட்டுக்கிறோம். என் வண்டியில புனலைக் கழற்றினப்போ உள்ள இருந்து வந்த பஞ்சை வச்சு ஒரு விளக்குத் திரி திரிச்சிருக்கலாம்.

#6 செட்டிநாட்டு_கராஜ்

மேஸ்திரி சொன்னபடி கைப்பிடி போட்டுச் சுத்தினேன். பத்துச் சுத்துக்குள்ள எண்ணெய் வழிஞ்சு என் வேட்டி போச்சு. ஆக பம்ப் ஏத்துது.

ஒரு கேள்வி. டவர் சொன்னதுதான் சரின்னா, மத்தவங்க எதுக்கு அழுத்தம் வச்சாங்க?

#7 எண்ணெய்க்கிண்ணம்

நியாயமான கேள்வி. வேகம்தான் காரணம்.

முதல் கார்களில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும். டேஷ்போர்டில் வரிசையாகக் கண்ணாடிக் குமிழ்கள். டிரைவர் ஒரு கண்ணால் ரோட்டையும் ஒரு கண்ணால் சொட்டையும் எண்ணிக்கொண்டே போகவேண்டும். சிலவற்றில் கைப்பம்ப், சில மைலுக்கு ஒரு தடவை அடிக்கவேண்டும். போன எண்ணெய் திரும்பி வராது, எரிந்தோ ஒழுகியோ போய்விடும். மேடு வந்தால் கூடுதல் எண்ணெய் தேவை என்பதை டிரைவர்தான் நினைவில் வைக்கவேண்டும். இன்ஜினை விடவும் டிரைவர் மறதியால் எரிந்த பேரிங்குகள் அதிகம் என்பது என் ஊகம்.

அழுத்த எண்ணெய் நீராவி இன்ஜினில் முன்பே வந்துவிட்டது. பர்மிங்ஹாம் பெல்லிஸ் அண்ட் மார்க்கம் கம்பெனியில் ஏ. சி. பெய்ன் என்பவர் 1890-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். காருக்கு வந்தபோது ரோல்ஸ் ராய்ஸ் 1906-ல் கொண்டுவந்த 40/50 போன்ற விலையுயர்ந்த வண்டிகளில்தான் கிரான்க் ஷாஃப்டுக்கு நேராக எண்ணெய் செலுத்தினார்கள்.

இங்கேதான் அழுத்தத்துக்கு வேலை வருகிறது. மெயின் பேரிங்கில் இருந்து எண்ணெய் கிரான்க்கின் உள்துளை வழியாக பிக் எண்டுக்கு, அதாவது ராடு கிரான்க்கைப் பிடிக்கும் பேரிங்குக்குப் போகவேண்டும். சுழலும் தண்டுக்குள் நுழைவது என்றால், ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவர் நடுவுக்கு நடந்து வருகிற மாதிரி. வெளியே தள்ளும் விசையை மீறித்தான் உள்ளே போகமுடியும். வேகம் கூடினால் அந்த எதிர்ப்பு இருமடிக் கணக்கில் கூடும். அதோடு, வேகமான இன்ஜினில் எண்ணெய் பேரிங்கின் சூட்டையும் அள்ளிக்கொண்டு போகவேண்டும். அதற்கு நிறைய ஓட்டம் தேவை. மாடல் ஏ 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன் கொடுத்து ஓய்ந்துவிடும். அதற்குத் தெளிப்பு போதும். செவ்ரலேகூட 1929-ல் தொடங்கிய ஆறு சிலிண்டர் வரிசையில் 1950-கள் தொடக்கம் வரை ராடுகளுக்கு டிப்பரைத்தான் நம்பியது. 1924 கிரைஸ்லரில் முழு அழுத்த முறையும் ஆயில் ஃபில்டரும் ஒன்றாக வந்தன. நுண்துளைகள் அதிகமானால் வடிகட்டியும் கூடவே வந்தாக வேண்டும்.

குட்டிபிஸ்டன் சொன்ன பம்பை மாட்டினால்: மாடல் ஏ கிரான்க்கில் உள்துளையே இல்லை. எண்ணெய் வால்வு சேம்பரை நிரப்பிப் பின் மெயின் வழியாக கிளட்சுக்குப் போகும். அங்கே சீல் கிடையாது, எண்ணெயை உதறிவிடும் ஒரு விளிம்பும் வடிகுழாயும்தான்.

#8 குட்டிபிஸ்டன்

சரி, சரி, ஒத்துக்கிறேன் ஐயா. ஆனா அலுமினிய பாடி வார்க்கிறதுல என்ன தப்பு? எடை கம்மி, துரு பிடிக்காது.

#9 லேத்_மேஸ்திரி

இது என் ஏரியா. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

பல்சக்கரப் பம்ப் பார்க்கச் சாது. ரெண்டு சக்கரம், ஒரு கூடு, ஒரு மூடி. ஆனா அது உயிரோட இருக்கிறது சந்துலதான். சக்கரத்தோட முகத்துக்கும் மூடிக்கும் நடுவுல 2 தௌ (அங்குலத்துல ஆயிரத்துல ரெண்டு பங்கு), அதாவது அம்பது மைக்ரான் விடுவோம். சந்து ரெண்டு மடங்கானா எண்ணெய் திரும்பி ஒழுகுறது ரெண்டு மடங்கு இல்லைங்க, எட்டு மடங்கு. மூணு மடங்கானா இருபத்தேழு.

இப்ப அலுமினியக் கூட்டுக்குள்ள இரும்புச் சக்கரம் போடுங்க. சூட்டுல அலுமினியம் இரும்பை விட ரெண்டு பங்கு நீளும். 40 மில்லி நீளச் சக்கரத்துக்கு, 80 டிகிரி சூடு ஏறினா, கூடு சக்கரத்தை விட கிட்டத்தட்ட 38 மைக்ரான் கூட நீளும். அம்பதா இருந்த சந்து 88 ஆச்சு. ஒழுக்கு அஞ்சு மடங்குக்கு மேல. எண்ணெயும் அந்த நேரத்துலதான் தண்ணியா இளகியிருக்கும். பெரிய கம்பெனிக்காரங்க இதைக் கணக்குப் போட்டுப் பெரிய பம்பா வைக்கிறாங்க. நாம பழைய அளவுலேயே அலுமினியத்துல வார்த்தா அடி வாங்குவோம். பழைய ஆளுங்க வார்ப்பிரும்புல ஊத்தினது விவரம் தெரியாம இல்லைங்க.

துத்தநாகத்துல டை காஸ்ட் பண்ணலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. 1920-கள்ல கார்புரேட்டர், கைப்பிடின்னு எல்லாத்தையும் அதுல ஊத்தினாங்க. துத்தநாகத்துல ஈயம் துளி கலந்திருந்தாக்கூட வருஷக்கணக்குல உள்ளுக்குள்ளேயே அரிச்சு, வீங்கி, பிஸ்கட் மாதிரி உதிரும். 1929-ல நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி ‘ஜமாக்’னு சுத்தத் துத்தநாகக் கலவை கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சனியன் விட்டுது.

இனி என் சொந்த அவமானம். பத்து வருஷம் முன்னாடி ஒரு பழைய இங்கிலீஷ் லாரி பம்ப் வந்துச்சு. பல்லு தேஞ்சு கத்தி மாதிரி ஆயிருந்துச்சு. 12 பல்லு. நான் அளந்து பார்த்து 2.5 மாட்யூல் (மில்லிமீட்டர் கணக்குல பல் அளவு) கட்டர்ல வெட்டிப் போட்டேன். கையில சுத்தினா வெண்ணெய் மாதிரி போச்சு. வண்டியில போட்டா எண்ணெயே ஏறலை.

அது மாட்யூலே இல்லைங்க, 10 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்), பல் அளவுக்கு அங்குலக் கணக்கு. 10 டி.பி.-ன்னா 2.54 மாட்யூல். வெறும் 0.04 வித்தியாசம்தானேன்னு தோணும். 12 பல்லுக்கு வெளிவிட்டம் 35.56 வரணும், நான் வெட்டினது 35. ஒவ்வொரு பக்கமும் 0.28 மில்லி ஓட்டை! தண்டு மையமும் அரை மில்லி தள்ளி இருந்ததால பல்லு ஒண்ணையொண்ணு இறுக்கமாப் பிடிக்கலை. ‘வெண்ணெய் மாதிரி’ சுத்தினதுக்கு அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுது. பல்லோட சாய்வைச் சொல்ற அழுத்தக் கோணமும் அப்ப 14½ டிகிரி, இப்ப கடையில வர்ற கட்டர் 20. பழைய பல்லு மிச்சம் இருக்கும்போதே ரெண்டு கட்டரையும் வச்சு வெளிச்சத்துல பாருங்க, எது உக்காருதுன்னு தெரிஞ்சிரும்.

வேலை குறைக்கணும்னா சக்கரத்தைத் தொடாதீங்க, மூடியைப் பாருங்க. பழைய மூடியில எட்டு வடிவத்துல ரெண்டு வட்டத் தடம் விழுந்திருக்கும். நகத்துல இடறினா போச்சுன்னு அர்த்தம். தடிமனான கண்ணாடி மேல எமரி தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு, மூடியை எட்டுப் போட்டுத் தேய்ங்க. தடம் மறையிற வரைக்கும். பாதிப் பம்ப் இந்த வைத்தியத்துலேயே பிழைச்சுக்கும்.

#10 யாழ்_ஏ40

வணக்கம். என்ரை கார் ஆரம்பகாலக் கார் இல்லை, ஒஸ்ரின் ஏ40. ஆனால் மேஸ்திரி அண்ணை எண்ணெய் இளகிறதைப் பற்றிச் சொன்னபடியால் எழுதுறன்.

90-களிலை எங்களுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. கார்புரேற்றருக்குள்ளை சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயிலை ஓட்டினனாங்கள். யாழ்ப்பாணத்திலை எல்லாரும் அப்பிடித்தான். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. மிச்சம் பிஸ்ரன் பக்கத்தாலை கீழை வடிஞ்சு சம்ப்புக்கை போகும். ஓட ஓட எண்ணெய் குறையிறதுதானே வழமை? எங்களுக்கு டிப் ஸ்ரிக்கிலை மட்டம் ஏறும்! அப்பா ஸ்ரிக்கை இழுத்து மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் மணம் வந்தால் அண்டைக்குக் கார் கோயிலுக்கும் போகாது. எண்ணெய் முள்ளும் நல்லாய் விழுந்திடும். பம்பைக் கழட்டிப் பார்த்தால் அதிலை ஒரு பிழையும் இருக்காது. புது எண்ணெய்க்கு எங்கை போறது? கழிச்ச எண்ணெயைப் பரணியிலை ஆற வைச்சு, மேலாலை வடிச்சு, கொஞ்சம் புதுசு கலந்து விட்டனாங்கள். மணத்தை நம்பினவையின்ரை கார் இண்டைக்கும் ஓடுது.

செட்டிநாட்டு அண்ணை, நீங்களும் ஸ்ரிக்கை ஒருக்கா மணந்து பாருங்கோ. கார்புரேற்றர் வழிஞ்சால் பெற்றோலும் இதே வேலையைச் செய்யும்.

#11 மலைப்பாதை

அருமை. இதைத் தனி இழையா எழுதுங்க அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன்.

#12 மட்டுறுத்துநர்

‘எந்த பிராண்ட் எண்ணெய் நல்லது’ என்று வந்த பதினொரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே அடித்துக்கொள்ளலாம்.

#13 செட்டிநாட்டு_கராஜ்

மணந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை இல்லை. மட்டமும் சரி. அப்ப சத்தம் எங்கிருந்து?

#14 லேத்_மேஸ்திரி

மோட்டார் ஓடுது, தொட்டி நிறையுது. அப்ப குழாயைத்தான் பார்க்கணும். சம்ப்பை இறக்குங்க. வால்வு மூடியைத் திறந்து சேம்பர்ல எண்ணெயை ஊத்திட்டு, கீழ படுத்து மூணு மெயினையும் பாருங்க. மூணுலயும் சொட்டணும். வைட் மெட்டல் புதுசா ஊத்தினவங்க எண்ணெய்த் துளையைச் சரியாத் திறந்தாங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம் முதல்ல இருந்தே இருக்குதுங்க.

#15 செட்டிநாட்டு_கராஜ்

மேஸ்திரி, உங்க காலைக் காட்டுங்க.

நேத்து ராத்திரி டார்ச் வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். முன் மெயின்ல எண்ணி இருபது விநாடியில சொட்டு. பின் மெயின்ல அதைவிடச் சீக்கிரம். நடு மெயின் கால் மணி நேரம் ஆகியும் காய்ஞ்சு கிடக்கு. என் தங்கச்சி மகன் ‘மாமா, அது அழவே மாட்டேங்குது’ன்னான்.

கேப்பைக் கழற்றினோம். ஊத்தின வைட் மெட்டல் எண்ணெய்த் துளைக்குள்ள ஏறி உறைஞ்சிருக்கு. அதுல யாரோ மெல்லிய டிரில் விட்டிருக்காங்க, அதுவும் கோணலா. ஊசி நுழையும், எண்ணெய் நுழையாது. பேரிங் மேற்பரப்பு, வெயில்ல வச்ச மெழுகுவத்தி மாதிரி ஒரு பக்கமா இழுபட்டுக் கிடக்கு. தண்டு நீலம் பாரிச்சிருக்கு, நல்லவேளை வெடிப்பு இல்லை. ராடு அடிச்ச சாரல்லதான் இவ்வளவு நாள் ஓடியிருக்கு போல. பட்டறை பேரு வேண்டாம். படத்தை அனுப்பினதும் செலவில்லாம மறுபடி ஊத்தித் தர்றதா ஒத்துக்கிட்டாங்க. இந்த முறை துளை போடும்போது நான் பக்கத்துல உக்காரப்போறேன்.

#16 எண்ணெய்க்கிண்ணம்

மகிழ்ச்சி. ஒன்று கவனியுங்கள்: துளை அடைபட்டிருந்தபோதும் உங்கள் கேஜ் 3-ஐத்தான் காட்டியது. நாளை சரியானபிறகும் அதையேதான் காட்டும். கழற்றிவிட்டுப் பழைய பிளக்கைப் போடுங்கள்.

#17 செட்டிநாட்டு_கராஜ்

கழற்றியாச்சு ஐயா. மருமகன்கிட்ட விளக்கம் சொல்லத்தான் தனியாப் படிக்கணும்.

#18 லேத்_மேஸ்திரி

ரெண்டு தடவை பல்சக்கரம் வெட்டினாங்களே, அதுல எந்தக் கட்டர் போட்டாங்கன்னு கேட்டீங்களா? பம்ப் ஏத்துதுதான், ஆனாலும் கழற்றி வச்சிருக்கிற இந்த நேரத்துல ஒரிஜினல் சக்கரத்தையே திருப்பிப் போட்டுட்டு மூடியை மட்டும் தேய்ச்சுடலாம்னு நினைக்கிறேன். பழசு பத்திரமா இருக்குதுங்களா?

#19 செட்டிநாட்டு_கராஜ்

அது... போன மாசம் கொட்டகையைச் சுத்தம் பண்ணினப்போ பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டாச்சு.

#20 லேத்_மேஸ்திரி

எந்தக் கடை? இப்பவே போங்க. வாரக் கடைசிலதான் லோடு ஏத்துவாங்க.